ஜெசி வாசித்த முதல் வாக்கியம்

மின்விசிறிதான் காட்டிக்கொடுத்தது.

சாயங்கால நேரம். கூடத்து ஸ்டூலின் மேல் ஒரு சொம்பை வைத்து, அதில் போனைச் சாய்த்து வைத்திருந்தோம். போனுக்குள் என் மனைவி ஸ்டெல்லா, மஸ்கட்டில், நர்ஸ் சீருடையோடு, டியூட்டிக்குக் கிளம்புகிற அவசரத்தில். எதிரே தரையில் சம்மணம் போட்டு எங்கள் மகள் ஜெசி. அப்போது இரண்டாம் வகுப்பு. மடியில் தமிழ்ப் புத்தகம். தினமும் ஒரு பாடத்தை அம்மாவுக்கு வாசித்துக் காட்டுவது எங்கள் வீட்டு வழக்கம்.

"ஆற்றங்கரையில் ஒரு யானை இருந்தது. அந்த யானைக்குக் குளிக்க ஆசை வந்தது" என்று ஜெசி ராகம் போட்டு வாசித்துக்கொண்டே போனாள். வரிக்கு வரி விரலை நகர்த்தினாள். அப்போது மின்விசிறிக் காற்றில் பக்கம் புரண்டது. யானைப் படம் போய்ப் படகுப் படம் வந்தது. ஜெசி கவனிக்கவில்லை. விரல் படகுப் பாடத்தில் ஓடிக்கொண்டிருந்தது. வாய் மட்டும் யானையைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தது. வரி தப்பவில்லை, சொல் தப்பவில்லை.

"என் தங்கமே! என்னமா படிக்குது பாருங்க!" என்று ஸ்டெல்லா போனுக்கு முத்தம் கொடுத்தாள். நான் படகுப் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

போனை வைத்த பிறகு வேறொரு பாடத்தைப் பிரித்து, "இதைப் படிம்மா" என்றேன்.

"இது இன்னும் டீச்சர் நடத்தலப்பா."

"நடத்தலைன்னா என்ன? எழுத்து இருக்குல்ல, படி."

ஜெசி என்னைப் பரிதாபமாகப் பார்த்தாள். "நடத்தாம எப்படிப்பா படிக்கிறது?"

நர்ஸ் வீட்டுக்காரர்

இந்தத் தொடரை விடாமல் படிப்பவர்களுக்கு என்னைத் தெரியும். புதிதாக வந்தவர்களுக்காக: நன்னிலத்தில் உரக்கடை வைத்திருக்கிறேன். கடைக்கு ஒரு பெயர் உண்டு, பலகையும் உண்டு. ஆனாலும் ஊரில் என் பெயர் 'நர்ஸ் வீட்டுக்காரர்'. மனைவி வெளிநாட்டில், பிள்ளையோடு புருஷன் உள்ளூரில் என்றால் எங்கள் பக்கத்தில் இன்னும் கொஞ்சம் உற்றுத்தான் பார்க்கிறார்கள். போன வாரம் சடை பின்னக் கற்றுக்கொண்ட கதையை எழுதியதற்குக் கொரடாச்சேரியிலிருந்து ஒரு அம்மா போன் செய்து, "ரிப்பனை அப்படி இழுத்துக் கட்டாதீங்க தம்பி, பிள்ளைக்குத் தலை வலிக்கும்" என்று கண்டித்தார். உத்தரவு அமலில் இருக்கிறது.

ஸ்டெல்லாவுக்கு இரண்டு வருஷத்துக்கு ஒரு முறைதான் ஊருக்கு வர லீவு. ஜெசி இரண்டாம் வகுப்புப் படித்த அந்த வருஷம் கிறிஸ்துமஸுக்கு வருவதாக இருந்தாள். தஞ்சாவூரில் இருக்கிற அவள் அக்கா, கன்னியாஸ்திரிகள் நடத்தும் ஒரு ஹாஸ்டல் பள்ளியைப் பார்த்து வைத்திருந்தார். "பிள்ளை நல்லாப் படிச்சா உங்ககூடவே இருக்கட்டும். படிப்பு சரியில்லைன்னா ஹாஸ்டல்தான். அதுல மட்டும் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன்" என்று ஸ்டெல்லா முன்பே சொல்லிவிட்டாள். அவளும் லேசில் படித்து வந்தவள் இல்லை. அதனால் அந்தப் பேச்சில் விளையாட்டு கிடையாது.

நான் வெளிப்படையாகச் சொல்லிவிடுகிறேன். ஜெசி இல்லாத வீட்டை என்னால் நினைத்துப் பார்க்க முடியவில்லை. காலையில் யாரை எழுப்புவேன்? தோசை கருகிவிட்டது என்று யார் என்னைத் திட்டுவார்கள்?

மறுநாளே ஸ்டெல்லாவிடம் விஷயத்தைச் சொன்னேன். "ஜெசி படிக்கல, ஒப்பிக்கிறா" என்றேன்.

"உங்களுக்கு எப்பவும் குறைதான். குழந்தை தண்ணி மாதிரிப் படிக்குது, அது உங்களுக்குப் பொறுக்கல" என்றாள். காக்கைக்கும் தன் குஞ்சு பொன் குஞ்சு. கடல் தாண்டி இருக்கிற காக்கைக்கு இன்னும் கொஞ்சம் கூடுதல் பொன்.

எல்லாவற்றுக்கும் ஒரு ராகம்

பிள்ளையை மட்டும் குறை சொல்ல முடியாது. எங்கள் பக்கத்தில் எதற்குத்தான் ராகம் இல்லை? பெருக்கல் வாய்ப்பாட்டுக்கு ஒரு ராகம். நானும் ஜெசியும் ஞாயிறு பூசைக்குப் போகிற மாதா கோயிலில் மன்றாட்டு மாலை ஜெபத்துக்கு ஒரு ராகம். பேரளம், பூந்தோட்டம் என்று கண்டக்டர் ஊர்ப் பெயர்களைச் சொல்வதற்கு ஒரு ராகம். நானும் அப்படித்தான் படித்தேன். பத்தாம் வகுப்பில் மனப்பாடச் செய்யுளின் முதல் சொல் மறந்துபோனால் முழுச் செய்யுளும் போச்சு. முதல் சொல்லை மட்டும் யாராவது காதில் போட்டுவிட்டால் மீதி தானாக வரும்.

எங்கள் ஊர்க்காரர்கள் உண்மையிலேயே வாசிப்பதைப் பார்க்க வேண்டுமானால் கையில் கல்யாணப் பத்திரிகையைக் கொடுக்க வேண்டும். ஒரு சமயம் உறவில் ஒரு கல்யாணம். பத்திரிகையில் என் சித்தப்பா பெயர் விட்டுப்போய்விட்டது. மனிதர் செய்தித்தாளில் தலைப்பைத் தாண்டாதவர். அன்றைக்கு அழைப்பிதழின் முன்புறம், பின்புறம், உறையின் மேல் போட்டிருந்த அச்சகத்தின் பெயர் வரை ஓர் எழுத்து விடாமல் வாசித்தார். வாசித்து முடித்து, "எவன் எவன் பேரோ இருக்கு" என்றார். கல்யாணத்துக்குப் போகவில்லை.

அதுதான் வாசிப்பு. தனக்கு என்ன எழுதியிருக்கிறது, என்ன எழுதவில்லை என்று தெரிந்துகொள்வது. ஜெசிக்கு அது இன்னும் கிடைக்கவில்லை.

ஒவ்வொரு எழுத்துக்கும் ஒரு ஏணி

பள்ளிக்கூடத்தில் போய்ப் புஷ்பா டீச்சரைப் பார்த்தேன். அந்த வருஷம்தான் மாற்றலாகி வந்தவர். நான் சொன்னதைக் கேட்டு ஆச்சரியப்படவில்லை.

"ஜெசி மட்டும் இல்ல சார், இன்னும் நாலஞ்சு பேர் இருக்காங்க. எல்லாரும் சேர்ந்து சத்தமாப் படிக்கறப்ப யாரு படிக்கிறா, யாரு கூடப் பாடுறான்னு தெரியாது. தனித்தனியா உட்கார வெச்சுக் கேட்டாத்தான் தெரியும். இந்த வாரம்தான் அப்படிக் கேட்க ஆரம்பிச்சிருக்கேன்."

ஜெசியை அழைத்து ஒரு சிலேட்டில் 'கூ' என்று எழுதிக் காட்டினார். ஜெசி விரல்களை மடக்கினாள். உதடு அசைந்தது. "க, கா, கி, கீ, கு... கூ!" சரியான விடை. எனக்குப் பெருமை.

"இப்ப பாருங்க" என்று டீச்சர் பக்கத்தில் 'டு' சேர்த்தார். ஜெசி மறுபடியும் விரல் மடக்கி, ட, டா, டி, டீ என்று ஏறி, 'டு'வில் போய் நின்றாள். பிறகு என் பக்கம் திரும்பி, "முதல்ல என்னப்பா சொன்னேன்?" என்றாள்.

"இவ தப்பா சொல்லல சார். ஒவ்வொரு எழுத்துக்கும் கீழேயிருந்து ஏணி ஏறுறா. ரெண்டாவது ஏணி ஏறுறதுக்குள்ள முதல் எழுத்து மறந்துடுது. முகத்தைப் பார்த்ததும் பேரு ஞாபகம் வர்ற மாதிரி, எழுத்தைப் பார்த்ததும் சத்தம் வரணும். வரிசையா ஒப்பிச்சாப் பத்தாது."

"அப்போ இன்னிக்கே எழுத்தைக் கலைச்சுப் போட்டு எழுதிக் காட்டவா?"

"அதுக்கும் முன்னாடி காது இருக்கு சார். ஒரு சொல்லுக்குள்ள எத்தனை சத்தம் இருக்குன்னு முதல்ல காது பிரிச்சுப் பார்க்கணும். புத்தகத்தைக் கொஞ்ச நாள் மூடி வைங்க. பேச்சுல விளையாடுங்க."

பிள்ளைக்குப் படிக்க வர, புத்தகத்தை மூடச் சொன்ன முதல் வாத்தியார் எனக்குத் தெரிந்து அவர்தான்.

கைதட்டுகிற உரக்கடை

பள்ளி விட்டதும் ஜெசி கடைக்குத்தான் வருவாள். சம்பா நடவு நேரம், கடையில் கூட்டம். மூட்டைகளின் மேல் அவளை உட்கார வைத்து விளையாட்டைத் தொடங்கினேன். நான் சொல்லைச் சொல்வேன், அவள் பிரித்துக் கைதட்ட வேண்டும். யூரியாவுக்கு மூன்று தட்டு. பொட்டாஷுக்கு இரண்டு. சரக்கு தீர்ந்ததும் வாடிக்கையாளர்களின் பெயருக்கு வந்தோம்.

"என் பேருக்கு எத்தனை பாப்பா?" என்றார் கண்ணையன் அண்ணன். பக்கத்துக் கிராமத்தில் குத்தகைக்கு நிலம் பார்ப்பவர்.

ஜெசி தட்டினாள். "கண், ணை, யன். மூணு பெரியப்பா."

"என் தம்பி ராமனுக்கு?"

"ரா, மன். ரெண்டுதான்."

"அண்ணன்னா ஒண்ணு கூடத்தான் இருக்கும்" என்று அவர் மீசையைத் தடவிக்கொண்டார். அதற்குப் பிறகு அவர் கடைக்கு வந்தால் வீட்டு மாடு கன்று வரை ஒவ்வொன்றின் பெயரையும் தட்டிப் பார்க்காமல் போனதில்லை.

அடுத்து, சொல்லிலிருந்து ஒரு சத்தத்தை எடுக்கிற விளையாட்டு. "யூரியாவுல யூவை எடுத்துட்டா மிச்சம் என்ன?" என்று கேட்டேன். ஜெசி கண்ணை மூடி யோசித்தாள். "ரியா!" என்று கத்தினாள். "அப்பா, ரியா எங்க கிளாஸ்ப்பா!" ரியா என்கிற அந்தப் பெண் மறுநாள் பள்ளிக்கூடத்தில் என்ன பாடுபட்டாளோ, கர்த்தருக்குத்தான் வெளிச்சம்.

காது பழகிய பிறகுதான் எழுத்துக்கு வந்தோம். கடை வாசல் கரும்பலகையின் ஓரத்தில் நாலைந்து எழுத்துகளை வேண்டுமென்றே கலைத்துப் போட்டு எழுதினேன். அங்கேதான் சண்டை வந்தது.

"க-வுக்கு அப்புறம் கா-தான் வரணும். நீங்க வரிசையைக் கெடுக்கிறீங்க!"

"புத்தகத்துல எழுத்தெல்லாம் வரிசையாவா வரும்?"

"அப்ப எனக்கு வேணாம். எனக்குத்தான் பாட்டாவே வருதே, அது போதாதா?" என்று சாக்பீஸைத் தெருவில் வீசினாள். கோபத்தில் அப்படியே அவள் அம்மா. நான் போய்ப் பொறுக்கிக்கொண்டு வந்தேன். அடி மேல் அடி வைத்தால் அம்மியும் நகரும் என்கிறார்கள். எங்கள் அம்மி நகர்வதற்குள் சாக்பீஸ் டப்பா காலியானது.

ஒரு கெட்ட செய்தி

நட்ட பயிருக்கு மேலுரம் போடுகிற சமயம். அன்றைக்கு லோடு வரவில்லை. கரும்பலகையில் கொட்டை எழுத்தில் எழுதி வைத்துவிட்டு, உள்ளே போய் லாரிக்காரரோடு போனில் மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன். வாசலில் ஜெசியின் குரல் கேட்டது.

"யூ... ரி... யா."

போனைக் கீழே இறக்கினேன்.

"இல்... லை. இல்லை." விரலை மடக்கவில்லை. ராகம் இல்லை. மறுபடியும் முதலிலிருந்து வந்தாள். "யூரியா... இல்லை. யூரியா இல்லை!"

அந்த நேரம் பார்த்துக் கண்ணையன் அண்ணன் மொபெட்டில் வந்து இறங்கினார். ஜெசி ஓடிப் போய், பல்லெல்லாம் தெரிய, "பெரியப்பா, யூரியா இல்லையாம்!" என்றாள்.

"அதை ஏன் பாப்பா இவ்வளவு சந்தோஷமா சொல்ற?" என்றார் அவர், பாவம். பயிர் மஞ்சளாகிக்கொண்டிருந்த மனிதர். உள்ளே வந்து பார்த்தால் கடைக்காரன் கண்ணைத் துடைத்துக்கொண்டு நிற்கிறான். யூரியா தட்டுப்பாட்டுக்கு இவ்வளவு வருந்துகிற வியாபாரியை அவர் அதற்கு முன் பார்த்திருக்க மாட்டார்.

அதற்குப் பிறகு ஜெசிக்குக் கண்ணில் பட்டதெல்லாம் பாடம். பள்ளிக்கும் கடைக்கும் நடுவில் ஃப்ளெக்ஸ் பேனருக்குப் பஞ்சமா? காதணி விழா, புதுமனை புகுவிழா, தாய்மாமன்களின் படையெடுப்பு. தினமும் அதே பேனர்களை வாசித்ததில் வேகம் கொஞ்சம் கூடியது. இரண்டாம் நாள் எழுத்துக் கூட்டிய சொல்லை நாலாம் நாள் ஒரே மூச்சில் சொன்னாள்.

இன்னொன்றும் கவனித்தேன். 'நாற்றங்கால்' எவ்வளவு நீளமான சொல்? பாதி வாசிக்கும்போதே பிடித்துவிட்டாள், நாற்று பறிப்பதைப் பார்த்தவள் என்பதால். ஆனால் 'பனிக்கரடி' என்று சரியாக வாசித்துவிட்டு விழித்தாள். எழுத்து வாய்க்குள் வந்துவிட்டது, கரடி மனசுக்குள் வரவில்லை. அதனால் நடக்கும்போதெல்லாம் அவளோடு பேசிக்கொண்டே இருந்தேன். தெரியாததைக் கேட்டால் சொன்னேன், எனக்கும் தெரியாவிட்டால் போனில் தேடிக் காட்டினேன்.

ஒரு கண்ணீர் அஞ்சலி பேனரின் முன் நின்று, "இயற்கை எய்தினார்னா எங்க போனாருப்பா?" என்றாள்.

"செத்துட்டாரும்மா."

"அப்ப அப்படியே போட வேண்டியதுதான?"

சாயங்காலம் ஸ்டெல்லா கூப்பிட்டால் மட்டும் பழைய யானைதான். "கடை பலகையில படிச்சதை அம்மாகிட்ட படிச்சுக் காட்டேன்" என்றால், "போங்கப்பா, அம்மாவுக்கு யானைதான் பிடிக்கும்" என்பாள். அது அவள் அம்மாவுக்குக் கொடுக்கிற முத்தம். அதை எப்படி நிறுத்தச் சொல்வது?

தவளையும் குடையும்

வீட்டு வாசலில் காகித நட்சத்திரம் தொங்கவிட்டிருந்த ஒரு நாளில் ஸ்டெல்லா வந்து இறங்கினாள். குளித்து, சாப்பிட்டு, முதல் காரியமாக மகளை மடியில் உட்கார வைத்தாள். பெட்டியிலிருந்து ஒரு புதுக் கதைப் புத்தகம் எடுத்தாள். அட்டையில் குடை பிடித்த தவளை.

"அம்மாவுக்குப் படிச்சுக் காட்டு."

ஜெசி விரலை வைத்தாள். "ம... மழை. மழை பெய்... பெய்தது. த... தவ... தவளை..." நிறுத்தினாள், திரும்பப் போனாள், மறுபடி வந்தாள். நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு கேட்டேன். யாரும் நடத்தாத பாடம், யாரும் ராகம் போட்டுக் கொடுக்காத வரி. என் காதுக்கு அது கச்சேரி.

ஸ்டெல்லாவின் முகம் சுண்டிப்போயிற்று. ஜெசி விளையாடப் போனதும் என்னிடம் திரும்பினாள்.

"என்னங்க இது? போன்ல வெள்ளமாப் படிச்ச பிள்ளை, இப்ப திக்கித் திக்கி நிக்குது! என்ன பண்ணி வெச்சிருக்கீங்க?"

"அது மனப்பாடம் ஸ்டெல்லா. இதுதான் படிப்பு. அப்பவே சொன்னேன்ல."

"சும்மா சமாளிக்காதீங்க. எல்லாரும் முன்னாடி போவாங்க, என் பிள்ளை மட்டும் பின்னாடி வந்திருக்கு."

தன் போனை எடுத்துக் காட்டினாள். யானைப் பாடம் அதில் பதிவாகி இருந்தது. டியூட்டி முடிந்து அறைக்கு வந்தால் அதைப் போட்டுக் கேட்டுக்கொண்டேதான் தூங்குவாளாம். கூட வேலை பார்க்கிற மலையாளப் பெண்களுக்கெல்லாம் போட்டுக் காட்டியிருக்கிறாள். அதைக் கேட்ட பிறகு எனக்கு வாதாட மனம் வரவில்லை. அவள் பிடித்துக்கொண்டிருந்த கயிறு அது ஒன்றுதான்.

"நாளைக்குத் தஞ்சாவூர் போறோம்" என்றாள்.

சுவரில் இருந்தது

கும்பகோணம் போய் பஸ் மாறினோம். வழியெல்லாம் பயிர் கதிர் தள்ளி நின்றது. ஜெசி அம்மா மடியில் தூங்கிக்கொண்டு வந்தாள்.

ஹாஸ்டலைக் குறை சொல்ல எதுவும் இல்லை. கழுவித் துடைத்த தரை, வரிசையாகத் துளசிச் செடிகள், முகம் மலர்ந்து பேசுகிற ஒரு சிஸ்டர். "மதர் ஜெபத்துல இருக்காங்க, கொஞ்சம் உட்காருங்க" என்று வராந்தாவில் பெஞ்சைக் காட்டிவிட்டுப் போனார். குறை இருந்திருந்தால் எனக்குப் பேச ஒரு காரணமாவது கிடைத்திருக்கும்.

ஜெசிக்கு உட்கார முடியவில்லை. எழுந்து வராந்தாவில் இங்கும் அங்கும் நடந்தாள். எதிர்ச் சுவரில் நீல நிறத்தில் ஏதோ எழுதியிருந்தது. நான் அதைக் கவனிக்கும் நிலையில் இல்லை.

"பெற்... றோர்" என்று அவள் குரல் கேட்டது. "பெற்றோர். சந்... திக்... கும். சந்திக்கும் நாள்."

ஸ்டெல்லா தலை நிமிர்ந்தாள்.

"மா... தத்... தின். மாதத்தின். மு... முதல்... ஞா... ஞாயிறு. முதல் ஞாயிறு."

கொஞ்ச நேரம் அங்கேயே நின்றாள். உதடு அசைந்தது. மறுபடி ஒருமுறை மனசுக்குள் வாசிக்கிறாள் என்று தெரிந்தது. பிறகு மெதுவாக வந்து அம்மாவின் முழங்காலைப் பிடித்துக்கொண்டாள்.

"அம்மா, முதல் ஞாயிறு மட்டும்தான் அப்பா என்னைப் பார்க்க வர முடியுமா?"

"உனக்கு யாருடி சொன்னா?"

"யாரும் சொல்லல. அங்க எழுதியிருக்கு."

ஸ்டெல்லா சுவரைப் பார்த்தாள். மகளைப் பார்த்தாள். ஜெசி இன்னும் முடிக்கவில்லை.

"அப்ப மத்த ஞாயிறெல்லாம் அப்பா யாரோட பூசைக்குப் போவாங்க?"

நான் துளசிச் செடிகளைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

ஸ்டெல்லா மகளை இழுத்துக் கழுத்தில் முகம் புதைத்துக்கொண்டாள். நிமிர்ந்தபோது கண்ணைத் துடைத்துக்கொள்ளக்கூட இல்லை.

"போன்ல தினமும் படிச்சாளே, ஒரு நாளாவது எங்கிட்ட இப்படி ஒரு கேள்வி கேட்டிருக்காளாங்க?" என்றாள்.

உள்ளே காலடிச் சத்தம் கேட்டது. மதர் வந்துகொண்டிருந்தார். ஸ்டெல்லா எழுந்து, ஜெசியை இடுப்பில் தூக்கிக்கொண்டு எதிரே போனாள். இரண்டாம் வகுப்புப் பெண், நல்ல கனம்.

"மன்னிச்சிருங்க மதர். பிள்ளையைச் சேர்க்கத்தான் வந்தோம். அது படிச்சுப் பார்த்துட்டு, வேணாங்குது."